பூனைக்கும் சேர்த்து எடுத்த விரதம்

மலேசியாவின் சிகாமட்டில் பூனைத் தீனி விற்கும் கடையில் வேலை பார்த்த அந்த மனிதரின் பெயரை நான் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு, நெற்றியில் ஒற்றை நாமம். மீன் டின்னைத் திறந்தால் உடனே கையைக் கழுவி, விரல்களை மோந்து பார்த்துக்கொள்வார்.

அது புரட்டாசி மாதம். என் கிழட்டுப் பூனைக்கு மூத்திரம் சரியாகப் போகவில்லை. அது தண்ணீரும் அதிகம் குடிக்காது. காய்ந்த தீனியை நிறுத்திவிட்டு டின்னில் வரும் ஈரத் தீனியைக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். போய், பூனையை டாக்டரிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி, வழக்கம்போல் காய்ந்த தீனியையே அவரிடம் கேட்டேன்.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"டின்னுதான் குடுக்கச் சொன்னாரு. இது டின்ன தொடவே தொடாது தம்பி."

அவர் ஒரு மீன் டின்னைத் திறந்து கூடைக்குள் நீட்டினார். பூனை தலையை உள்ளே விட்டு அடிவரை நக்கியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"விரத மாசம்... வீட்டுல மீன் வாட வருமேன்னு..."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் விரதந்தாம்மா. தெனமும் எத்தன டின்ன தொறக்குறேன். விரதம் நம்ம எடுத்தது லா, அது எடுக்கலயே."

பிறகு கையைக் கழுவப் போனார்.

வெட்கத்தில் அந்தக் கடைக்கு நான் மறுபடி போகவில்லை. டின்னை வேறு கடையில் வாங்குகிறேன். தினமும் டின்னைத் திறந்ததும் கையைக் கழுவி, அவரைப் போலவே மோந்து பார்த்துக்கொள்கிறேன்.