சோளகக் காற்றில் சுடுதண்ணி

நோர்வேயில் இருபத்தைந்து வருடமாகப் பனிக்குள் கிடப்பவன் நான். வாசலில் முழங்கால் அளவு பனியை வழித்துத் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அப்படிப்பட்ட வீரன், போன ஆடி மாதம் நெடுந்தீவில், சொந்தக் கிணற்றடியில் முதல் வாளியைத் தலையில் ஊற்றியதும் "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். கடலால் வந்து வலை உதறிக்கொண்டிருந்த பக்கத்து வளவு மரியதாஸ் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னடாப்பா, பாம்போ?"

"இல்லையண்ணை. தண்ணி குளிருது."

மனுசன் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் பிழையில்லை. அந்த நாட்டில் வெளியே குளிர், குழாய்க்குள் சூடு. இந்த நாட்டில் வெளியே சூடு, கிணற்றுக்குள் குளிர். நான் இரண்டுக்கும் நடுவில் துவாயோடு நிற்கிற ஆள்.

எனக்குக் குளிர்ந்ததில் ஊருக்கு ஒரு நட்டமும் இல்லை. என் மனைவி வதனிக்குக் குளிர்ந்தால்தான் கதை கந்தல். அவள் அடுத்த தீவான புங்குடுதீவு, இறுப்பிட்டிப் பெண். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடம், என் தீவில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. நோர்வேயிலிருந்து ஊருக்கு வந்தாலும் காலைப் படகில் வருவாள், பின்னேரப் படகில் போய்விடுவாள். குளிர்தண்ணி தலையில் பட்டால் அவளுக்கு முட்டு இழுக்கும், மூச்செடுக்கக் கஷ்டப்படுவாள். தங்குவதற்கு வீடும் இல்லை. அப்பா கட்டிய வீட்டில் மிச்சம் இருப்பது நாலு சுவரும் ஒரு வேப்பமரமும், வேப்பமரம் இருப்பது சமைக்கிற குசினிக்குள். அந்த வளவில் ஓர் அறை போட்டு, வருடா வருடம் ஆடியில் வந்து இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்டுக் கேட்டு வாய் உளைந்த பிறகு ஒருநாள் வதனி இறங்கி வந்தாள்.

"சரி, டென்ட் அடிச்சு மூண்டு நாள் நிண்டு பாப்பம். ஆனா சுடுதண்ணி வேணும். இல்லையெண்டால் அடுத்த நாள் காலமைப் படகு. பேந்து அறைக் கதை எடுக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

நோர்வேயில் காட்டுக்குள் கூடாரம் அடிப்பவர்கள் கொண்டுபோகிற சுடுதண்ணிப் பெட்டி ஒன்று உண்டு. வாளிக்குள் சின்னப் பம்பை இறக்கினால் அது தண்ணியை மேலே தள்ளும். பெட்டிக்குள் காஸ் நெருப்புத் தானாகப் பற்றும். மறுபக்கக் குழாயால் சுடுதண்ணி வரும். கடைப் பெடியன் எங்கே காம்பிங் போகிறீர்கள் என்று கேட்டான். நான் "யெம்மே" என்றேன். வீட்டில் என்று அர்த்தம். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "வீட்டில் என்றால் வீட்டுக் குளியலறையில் குளிக்கலாமே?" என்றான். என் வீட்டில் குளியலறை இல்லை, கூரையும் இல்லை, மரம் இருக்கிறது என்று என்னுடைய உடைந்த நோர்வேஜியனில் விளக்கினேன். அவன் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. கூட ஒரு குழாயை இலவசமாகப் போட்டுத் தந்தான்.

ஆக, நெடுந்தீவு. சோளகக் காற்று ஆளைத் தூக்குகிற மாதம். பெட்டியைப் பனையில் தொங்கவிட்டேன். யாழ்ப்பாணத்தில் வாங்கிய காஸ் சிலிண்டரை, அங்கேயே வாங்கிய ரெகுலேட்டரால் பூட்டினேன். நோர்வே ரெகுலேட்டர் இந்த ஊர்ச் சிலிண்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கூட வந்த புத்தகத்தில் எட்டு மொழி இருந்தது, தமிழ் இல்லை. இருந்திருந்தாலும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான், எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஆவணி பிறந்திருக்கும்.

முதலில் சத்தமே இல்லை. பற்றரி இரண்டையும் தலைகீழாகப் போட்டிருந்தேன். திருப்பிப் போட்டதும் "டிக், டிக், டிக்" என்றது, ஆனால் நெருப்பு இல்லை. தண்ணி நூல்போல வந்தது. பம்பின் வலைக்குள் சுண்ணாம்பு மண். ஒரு பல்துலக்கி எடுத்துத் தேய்த்தேன். அது வதனியுடையது என்பதைப் பிறகுதான் சொன்னாள், அதுவும் மெதுவாகச் சொல்லவில்லை. அதன் பிறகு நெருப்புப் பற்றியது. காற்று ஊதி அணைத்தது. பற்றியது, அணைத்தது. என் மூளை வேலை செய்தது: குளிக்க மறைப்பாகக் கட்டிய தறப்பாளைப் பெட்டியையும் சேர்த்து நாலு பக்கமும் இழுத்து, ஈ நுழையாதபடி கட்டினேன். டிக், டிக், பக்! சுடுதண்ணி!

"வதனி, வாரும்! நோர்வே வந்திட்டுது!"

வதனி போனாள். இரண்டு நிமிடம் சந்தோசம். பிறகு தறப்பாளுக்குள்ளிருந்து ஒரு கத்தல். தலை நிறைய சம்பூ, மேலே ஐஸ் தண்ணி.

"இஞ்சாருங்கோ, இது சுடுதண்ணியோ? என்னைக் கொல்லப் பாக்கிறியளோ?"

தலையைத் துவட்டியபடி வெளியே வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அந்த இருமலைக் கேட்டு என் பகிடியெல்லாம் வற்றிப்போனது. முட்டு மருந்தை உறிஞ்சிவிட்டுப் பையை அடுக்கினாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விடியற்காலை கூடாரத்துக்கு வெளியே குந்தியிருந்தேன். படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. முன்பக்கத்தில், நான் நோர்வேயிலிருந்து போனில் சொல்லிக் கட்டுவித்த சீமெந்து மதில் கவிழ்ந்து கிடந்தது. கட்டிய வருடமே சோளகம் அதைத் தள்ளிப் படுக்க வைத்துவிட்டது. பின்பக்கத்தில் அப்பா அடுக்கிய கடல் முருகைக்கல் வேலி, சாந்தும் இல்லை பூச்சும் இல்லை, ஒரு கல்லும் அசையாமல் நின்றது. சூரியன் அதற்கு எதிரே எழும்ப, கல்லிடுக்கெல்லாம் நூறு கண் திறந்த மாதிரி வெளிச்சம். அந்த ஓட்டைகளால்தான் காற்றும் வந்துகொண்டிருந்தது. ஆனால் சீறி வரவில்லை, பல்லுப் போனவன் ஊதுகிற மாதிரி வந்தது.

அப்போதுதான் மண்டையில் டிக், டிக் என்றது. நேற்று கடைசியாக நெருப்பை அணைத்தது காற்று இல்லை. தறப்பாளைக் கட்டி, நான்தான் அதன் மூச்சை அடைத்துவிட்டேன்! நல்லவேளை, நச்சுப் புகை நிரம்பும் முன் அது அணைந்தது. அதற்குள் நின்ற வதனிக்கு இருமலோடு போயிற்று.

ஓடிப்போய்ப் பனையைச் சுற்றி, காற்று வரும் பக்கமாக, கிடந்த முருகைக்கற்களை அரைவட்டமாக அடுக்கத் தொடங்கினேன். அடுக்கிவிட்டு, பழக்க தோசத்தில் இடுக்குகளுக்குள் சின்னக் கல் செருகினேன்.

"எடேய் நோர்வே!" மரியதாஸ் அண்ணை வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "அடைச்சியெண்டால் இதுவும் உன்ரை மதில் மாதிரிப் படுக்கும். காத்தைப் போக விடு. கல்லு வைக்கத் தெரியாதவன் சுடுதண்ணி வைக்க வந்திட்டான்!"

சொல்லிவிட்டு வேலியைத் தாண்டி வந்து தானும் இரண்டு கல் தூக்கினார். நெஞ்சளவுக்கு வேலி எழுந்தது. பெட்டி அதற்குள், திறந்த வெளியில். தறப்பாள் மறைப்பு தள்ளித் தனியாக. கடைப் பெடியன் இரக்கப்பட்டுத் தந்த அந்தக் கூடுதல் குழாய்தான் ஒன்றிலிருந்து மற்றதுக்கு எட்டியது.

வதனி பையோடு வந்து நின்றாள். "படகுக்கு நேரமாகுது."

"ஒரு வாளி. ஒரே ஒரு வாளி பாரும். குளிர்ந்தால் நானே பையைத் தூக்கிக்கொண்டு வாறன்."

கையை மட்டும் நீட்டிப் பார்த்தாள். பிறகு பையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சோளகம் வேலியில் மோதி விசிலடித்தது. நீல நெருப்பு ஆடியது, குனிந்தது, அணையவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இறங்குதுறைப் பக்கம் படகு ஊதியது. தறப்பாளுக்குள் தண்ணிச் சத்தம் நிற்கவில்லை.

"வதனி, படகு ஊதுது!"

"ஊதட்டும். வாளியில தண்ணி முடியப்போகுது, அள்ளி ஊத்துங்கோ!"

மரியதாஸ் அண்ணை என் முதுகில் ஒன்று போட்டார். அந்த அடி, யாராவது மெடல் குத்தியிருந்தால்கூட அப்படி இனித்திருக்காது. மூன்று நாள் என்றவள் ஒன்பது நாள் நின்றாள். போகும் முன் அறையின் அளவைக் காலால் அளந்தாள். குசினி வேப்பமரத்தை வெட்டக் கூடாது என்று உத்தரவும் போட்டாள்.

பெட்டியை அந்தக் கல்வேலிக்குள்ளேயே, மரியதாஸ் அண்ணையின் பொறுப்பில் விட்டு வந்தோம். நோர்வே ரெகுலேட்டர் மட்டும் என் பையில் திரும்பி வந்தது. இங்கே காலையில் குழாயைத் திறந்தால் ஒரு வில்லங்கமும் இல்லாமல் சுடுதண்ணி கொட்டுகிறது. ஆனாலும் நான் உடனே உள்ளே போவதில்லை.

"இன்னும் என்னப்பா செய்யிறியள்? வேலைக்குப் பிந்துது!" என்று வதனி வெளியிலிருந்து கதவைத் தட்டுவாள்.

குழாயைத் திறந்து வைத்துவிட்டு, ஆவி பறக்கிற தண்ணிக்கு முன்னால், டிக், டிக் என்ற சத்தம் வரட்டும் என்று துவாயோடு காத்துக்கொண்டு நிற்கிறேன்.