வெறும் வயிற்றோடு இறங்கினோம்

மூன்று முறை தேர்வு எழுதினேன். மூன்றாவது முறைதான் ஆசிரியர் வேலைக்கான பட்டியலில் என் எண் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சென்னைக்கு நேரில் வர வேண்டும், வராதவர் வாய்ப்பை இழப்பார் என்று அழைப்பில் போட்டிருந்தார்கள். அழைப்பு கைக்கு வந்து மூன்றாம் நாள், மதியம் இரண்டு மணிக்குச் சரிபார்ப்பு. எனக்கு அப்போது கர்ப்பத்தின் முப்பத்திரண்டாவது வாரம்.

விமானத்தில் போகிறேன் என்றதும், குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாரும் ஒரே நாளில் விமான நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். மேலே போனால் குழந்தைக்குக் காற்று பத்தாது என்றார் ஒருவர். சோதனை வாசலில் இருக்கும் மெஷின் குழந்தையைச் சுட்டுவிடும் என்றார் இன்னொருவர். இவர்களில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியதில்லை. மாமியார் மட்டும் நேரடியாகக் கேட்டார்.

"ஏன் அம்மணி, போய்த்தான் ஆகோணுமா?"

"போய்த்தான் ஆகோணுங்க அத்தை," என்றேன்.

மருத்துவரிடம் போனேன். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, ஒற்றைக் குழந்தை, இதுவரை சிக்கல் எதுவும் இல்லை, ரயிலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போவதைவிட இதுவே மேல் என்றார் அவர். சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். நடைபாதை ஓரத்து சீட் கேட்க வேண்டும். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போட வேண்டும். அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வயிறு விட்டுவிட்டு இறுகினால் ஏறவே கூடாது. விமான நிறுவனம் கேட்ட கடிதத்தையும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் பக்காவாக இருந்தது.

ஆனால் அவர் கீழ்நாட்டுக்காரர், மலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் வழக்கம் ஒன்று அவருக்குத் தெரியாது. எனக்கோ அது வழக்கம் என்றே தோன்றியதில்லை. மேட்டுப்பாளையம் இறங்குகிற நாளில் நாங்கள் எதுவும் சாப்பிட மாட்டோம், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். வளைவுகளில் வாந்தி வரும் என்று சின்ன வயதிலிருந்து பழகிப்போனது அது. ஆகாயத்துக்கு அத்தனை பயந்தவர்களில் ஒருவருக்கும் மலை ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிட்டு, விடிகாலையில் வண்டியில் ஏறினேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் கணவர் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். மேட்டுப்பாளையத்தில் டிபன் சாப்பிடுவதாகத் திட்டம். பர்லியாறுக்கு மேலே பழுதாகி நின்ற ஒரு லாரி முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிட்டது. அதனால் கணவர் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார்.

காரமடை தாண்டும்போது வயிறு கல்லாக இறுகி, பிறகு விட்டது. நான் சொல்லவில்லை. விமான நிலையத்துக்குள் நுழைகையில் மறுபடியும் இறுகியது. கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தைப் படித்துவிட்டு, "இப்ப ஏதாவது வலி இருக்குங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்லைங்க," என்றேன், வாய் கூசாமல். என் சான்றிதழ்கள் இருந்த ஃபைலைக் கணவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டேதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

காத்திருக்கும் இடத்தில் மூன்றாவது முறை வந்தது. நான்காவது, அதிலிருந்து பத்து நிமிஷத்துக்குள். மேலே போன பிறகும் இது நிற்காவிட்டால் அங்கே யாரைக் கூப்பிடுவேன்? என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்துவிட்டேன்.

"ஏனுங்க, வயிறு இறுகுதுங்க. காரமடையில இருந்தே இப்படித்தான். அந்தப் புள்ளகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "வா, போலாம்," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

விமான நிலைய மருத்துவ அறையில் இருந்த பெண் டாக்டர் என் வயிற்றில் கை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"தண்ணி?"

"நேத்து சாயங்காலத்தோட சரிங்க. மலை எறங்கறப்பக் குடிக்க மாட்டமுங்க."

அவர் கையை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி இல்லாம இருந்தா வயிறு இறுகும்தான். ஆனா அது மட்டும்தான் காரணமான்னு இங்க வச்சு என்னால சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில பாக்கணும்."

"நான் ஏறலைங்க," என்றேன். அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். இடது பக்கமாகப் படுக்கவைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்து என் மகள் நல்ல எடையோடு பிறந்தாள். அந்த வேலை வேறு யாருக்கோ போனது. அடுத்த தேர்வுக்கு இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன், விடுவதாக இல்லை. ஆனால் அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு கை வயிற்றில் இருந்தது, மறு கையில் டம்ளர்.

அப்போது ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது, அடுத்து என் கணவர் பெயர். தமிழில் கூப்பிட்டார்கள், பிறகு இந்தியில், ஆங்கிலத்தில். கடைசி அழைப்பு என்றார்கள்.

கணவர் ஃபைலோடு பாதி எழுந்தார்.

"உக்காருங்க," என்றேன்.

இன்னொரு முறை கூப்பிட்டார்கள். அப்புறம் வேறு ஏதோ விமானத்தின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே டம்ளரை டாக்டரிடம் நீட்டினேன்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."