முத்துப்பேச்சி வரைந்த பஸ்

புளியங்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் அழுத்தித் தேய்த்தால் நெருப்பாய்ச் சுடும் என்பதும், சுடச்சுட அதை அடுத்தவள் கையில் வைத்தால் அவள் அலறுவாள் என்பதும், சமயநல்லூரை ஒட்டிய எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த நான்கு கொட்டைகளை வைத்துக்கொண்டு, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், முத்துப்பேச்சி எங்கள் ஐந்தாம் வகுப்பையே ஒரு ஆட்டத்துக்குள் இழுத்துப் போட்டாள்.

முத்துப்பேச்சிக்குப் போலியோவால் வலது கால் சூம்பியிருந்தது. மூன்றாம் வகுப்பு வரை அவள் அம்மா இடுப்பில் தூக்கி வந்து விடுவார். அதற்குப் பிறகு ஒரு கம்பை ஊன்றி அவளே வந்தாள். நாங்கள் ஓடிப்பிடித்து ஆடும்போது அவளையும் சேர்த்துக்கொண்டதாகப் பேர் பண்ணுவோம். ஆட்டத்தில் இருப்பாள், ஆனால் யாரும் அவளைத் தொட மாட்டார்கள், அவளும் யாரையும் தொட வேண்டியதில்லை. அதற்குத் தெருவில் ஒரு பெயர் உண்டு: “ஒப்புக்குச் சப்பாணி”. கால் நன்றாக இருக்கிற பொடிசுகளுக்கும் அதே பெயர்தான் என்றாலும், அவளைப் பார்த்து அதைச் சொல்ல எங்கள் நாக்கு ஒருநாளும் கூசியதில்லை. பெரியவர்கள் அன்பாகவே ஒதுக்கினார்கள். “ஓரமா உக்காரு தாயி, யாராச்சும் தள்ளி விட்டுருவாக” என்பார் எங்கள் வகுப்பு சார். ஓரத்தில் உட்கார்ந்தவளுக்கு எங்கள் செருப்புகளைக் காவல் காக்கும் வேலை கிடைத்தது.

ஒருநாள் மதியம் அவள் வராண்டாத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். சமயநல்லூர், பரவை, விளாங்குடி, ஆரப்பாளையம், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று மாட்டுத்தாவணி வரை கட்டத்துக்கு ஒரு நிறுத்தம். கண்டக்டரான அவள் மாமாவிடம் கேட்டு வரிசையாக எழுதியிருந்தாள். மாட்டுத்தாவணியை அவள் பார்த்ததே இல்லை.

“இது ரெண்டு ரெண்டு பேரா ஆடுறது. யாரு யாரோடன்னு சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கணும். நாலு கொட்டையையும் உருட்டி, எத்தனை வெள்ளை விழுதோ அத்தனை கட்டம். ஸ்டாப்பு பேரை வாசிச்சு, எதுத்தாப்புல இருக்கவுக கேக்குற கணக்கையும் சொன்னாத்தான் பஸ்ஸு நகரும்” என்றாள்.

“ஒருத்திக்குத் தெரியலைன்னா?”

“மத்தவ சொல்லித் தரட்டும். ரெண்டு பேரும் ஏறுனாத்தான் பஸ் எடுப்பேன்.”

“தோத்தவ அவுட்டா?”

“இதுல யாரும் அவுட் கிடையாதுடி.”

அவ்வளவுதான் சட்டம். அடுத்த வாரமே செருப்புகளுக்குக் காவல் இல்லாமல் போனது. காலனிப் பிள்ளைகளோடு ஒட்டாமல் உட்காரப் பழக்கப்பட்டிருந்த நாங்கள், சீட்டில் யார் பெயர் வந்ததோ அவர்களோடு முட்டி இடிக்கக் குந்தினோம். எழுத்துக் கூட்டவே திணறிய பாண்டி, பஸ் நிற்கிறதே என்ற அவசரத்தில் ‘கோரிப்பாளையம்’ வாசித்தான்.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. மதுரையில் கற்பித்தல் கருவிகளின் கண்காட்சி. உடற்குறை உள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஆடும் விளையாட்டுக்குத் தனிப் பரிசு. சார் அவள் கட்டங்களை அப்படியே வெள்ளைத் துணியில் பெயிண்டால் வரைந்தார். கண்காட்சி நாளன்று முத்துப்பேச்சி எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, ரிப்பன் கட்டி, அம்மாவோடு பஸ் நிறுத்தத்தில் எங்களுக்கு முன்பே வந்து நின்றாள்.

சார் அவள் அம்மாவிடம், “பஸ்ஸுல அம்புட்டுக் கூட்டம்மா. அங்க மாடி வேற ஏறணும். பிள்ளையை எதுக்குச் சிரமப்படுத்திக்கிட்டு?” என்றார்.

“நான் தூக்கிக்கிட்டு வாரேன் சார்.”

“வேணாம்மா, சொன்னாக் கேளுங்க.”

பஸ் வந்தது. நான் ஏறினேன். முத்துப்பேச்சி ஏறவில்லை.

மாடி அறையில், கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் துணியைச் சுற்றி வந்து, “அருமை! யார் யோசனை இது?” என்று கேட்டார். சார் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “இந்தப் பிள்ளைதான் சார்.” எனக்கு வாய் இருந்தது. நான் திறக்கவில்லை. என் பெயர் எழுதிய சான்றிதழும் ஒரு எவர்சில்வர் தட்டும் கொடுத்தார்கள்; கைதட்டல் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் முத்துப்பேச்சி கேட்டது ஒன்றுதான்.

“எம் பேரைச் சொன்னியா?”

நான் தட்டை நீட்டினேன். அவள் தொடவில்லை. “தட்டை வச்சு நான் என்னடி பண்ண? பேரைச் சொன்னியான்னுதானே கேட்டேன்.”

அவள் அம்மா தலைமையாசிரியை அறை வாசலில் நின்று, “பரிசு வேணாம் டீச்சர், எம்மக பேரை மட்டும் எழுதிக் குடுங்க” என்று கெஞ்சினார். கொடுத்த சான்றிதழைத் திருத்த முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு பெயர், ஒரு பேனா. அது முடியாதாம்!

அன்று மதியம் எனக்கு ஆட்டத்தில் இடம் இருக்காது என்று நினைத்துத் தூணோரம் ஒதுங்கி நின்றேன். முத்துப்பேச்சி சீட்டைக் குலுக்கினாள். அவள் பெயரோடு என் பெயர் வந்தது. என் முகத்தைப் பார்க்காமலே, “ஏறு. ஆளை விட்டுட்டு என் பஸ் போகாது” என்றாள். அதற்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம்.

உயர்நிலைப் பள்ளிக்குத் தண்டவாளம் தாண்டிப் போக வேண்டும். கம்பை ஊன்றி அவளால் அதைத் தாண்ட முடியாது; தூக்கிப் போக அம்மாவுக்கு இடுப்பில் தெம்பில்லை. ஒரு பள்ளியும் அவளைத் தேடி வரவில்லை. பதினோரு வயதில் அவள் படிப்பு முடிந்தது. இப்போது உசிலம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறாள் என்று கேள்வி. நேரில் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் அண்ணன் மகளைச் சேர்க்க அதே பள்ளிக்குப் போயிருந்தேன். எங்கள் வராண்டா இல்லை. பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். புதுக் கட்டடத்தின் வழவழப்பான டைல்ஸில் சாக்பீஸ் பிடிக்காது. படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்று கட்டியிருந்தார்கள். அதை அடைத்துக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

“இது யார் வண்டி சார்?” என்று தலைமையாசிரியரைக் கேட்டேன்.

“நம்ம வண்டிதான் மேடம். அந்த மாதிரிப் பிள்ளைக யாரும் நம்ம ஸ்கூலுக்கு வர்றதில்ல, அதான்.”

“வழிய அடைச்சு வச்சா எப்படி சார் வருவாக?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சாவியை எடுத்து வந்து வண்டியை நகர்த்தும் வரை அந்த இடத்தைவிட்டு நான் அசையவில்லை.