கபடி பனியனுக்குப் பேர் அடிக்கப் போன சனிக்கிழமை

காலை ஒன்பதேகாலுக்கு மம்சாபுரத்தில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குச் சீட்டு இலவசம். ஜன்னலோர இடமும் கிடைத்தது. மறுநாள் எங்கள் ஊரில் கபடிப் போட்டி. காலமான என் வீட்டுக்காரர் நினைவாக வருடாவருடம் நான் நடத்துவது. அவர் பேர்போன ஆட்டக்காரர். இந்த வருடம் உள்ளூர் அணியினர் பதினான்கு பேருக்கும் அவர் பேர் போட்ட பனியன் கொடுக்க ஆசைப்பட்டேன்.

"நாங்க போய் அடிச்சிட்டு வாரோம் ஆச்சி" என்றான் அணித் தலைவன்.

"அது என் புருசன் பேரு. நான்தான் போவேன்" என்றேன். பேரைத் துண்டுக் காகிதத்தில் நானே எழுதி எடுத்துக்கொண்டேன். இரண்டாம் வகுப்போடு நின்ற கைதான். ஆனாலும் நிறுத்தி எழுதுவேன்.

காலை பத்து மணி, ஸ்ரீவில்லிபுத்தூர். முதல் கடையில் ஸ்டிக்கர் முறை. வண்ணத்தாளில் மெஷின் எழுத்தை வெட்டுகிறது; சூட்டில் அழுத்தித் துணியில் ஒட்டுகிறார்கள். துணியோடு சேர்த்து ஒன்று இருநூறு ரூபாய். மாதிரியை நகத்தால் சுரண்டினேன். ஓரம் எழும்பியது.

"ஏன் ஆச்சி, தோலையா உரிக்கீக?" என்றாள் கடைப்பெண்.

"நீ ஒட்டுனதைத்தான் உரிக்கேன் தாயி."

அடுத்த கடையில் பிலிம் முறை. போட்டோகூட அப்படியே வருகிறது. ஒன்று இருநூற்றைம்பது. பார்க்க அழகு, தொட்டால் ரப்பர் மாதிரி இருந்தது.

"இதைப் போட்டு ஆடுனா வேர்வை எங்கிட்டுப் போவும்?" என்று கேட்டேன்.

கடைக்காரர் நேர்மையானவர். "ஒண்ணு ரெண்டுன்னா இது சரி ஆச்சி. பதினாலுன்னா ராஜபாளையம் போயி ஸ்கிரீன்ல அடிங்க. துணி கிழிஞ்சாலும் எழுத்து போகாது" என்றார். அந்தச் சொல் பிடித்துப்போனது.

மதியம் பன்னிரண்டு மணி, ராஜபாளையம். பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றின் பின்சந்தில் காதர் பாயின் கடை. எழுத்தை ஏற்றி அடிக்கிற மரச்சட்டம் போட முந்நூற்றைம்பது, பனியன் ஒன்றுக்கு நூற்றறுபது. என் காகிதத்தை வாங்கிப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"பேரை ஒருக்கா வாயால சொல்லிருங்க ஆச்சி. சட்டத்துல ஏத்திட்டா மாத்த முடியாது."

நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தினேன். அவர் போய் ஏழு வருடம் ஆகிறது. அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. புருசன் பேரைச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ரேஷன் கடையிலும் கார்டைத்தான் நீட்டுவேன்.

"அதான் எழுதியிருக்குல்ல" என்றேன்.

கம்ப்யூட்டரில் பெரிதாக எழுத்தைக் கோத்து என் பக்கம் திருப்பினார். "இப்பிடித்தானா? நல்லா வாசிச்சுப் பாருங்க."

"எங்களுக்கும் எழுத்து தெரியும் பாய். உள்ளபடி அடிங்க."

"கோவிக்காதீக ஆச்சி" என்று சிரித்து டீ சொன்னார்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய சல்லடைத் துணியில் எழுத்து இருக்கும் இடம் மட்டும் திறந்திருக்கிறது. மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. நீலத் துணியில் வெள்ளையாக எழுத்து விழுகிறது. பொறவு சூடு காட்டுகிறார்கள். நாலு மணிக்குப் பதினான்கும் முடிந்தன. நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை. பெருமையாக இருந்தது.

நாலரை மணி பஸ்ஸில் பேண்டேஜ் கம்பெனி வேலை முடிந்து வந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையில் மேலாக இருந்த பனியனைப் பார்த்தாள்.

"நல்லாருக்கே. யாரு ஆச்சி இந்தக் கெம்பையா?"

"எந்தக் கெம்பையா?"

விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். நானும் அந்த விரலோடு போனேன். முதல் எழுத்துக்குக் கொம்பு இருந்தது. கால் இல்லை. காகிதத்திலேயே நான் விட்டிருந்தேன்.

"கொம்பையா" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அவிய உங்களுக்கு என்ன முறை வேணும்?"

"எங்க வீட்டுக்காரவுக."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, இதை அங்கயே சொல்லியிருக்கக் கூடாதா? இறங்கிப் போங்க ஆச்சி, ஊரு இன்னும் தாண்டல."

நேரம் இருந்தது. கையில் பணமும் இருந்தது. எங்களுக்கும் எழுத்து தெரியும் என்று சொன்ன வாயோடு காதர் பாய் முன்னால் போய் நிற்க மனம் வரவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேரும் அதைத்தான் போட்டு ஆடினார்கள். என் முகத்துக்காக யாரும் வாய் திறக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்து மைக்கில் ஆட்டத்தைச் சொன்னவர் மட்டும் முதுகைப் பார்த்துப் பார்த்துச் சாயங்காலம் வரை கெம்பையா, கெம்பையா என்று கூப்பிட்டார். நாலு தடவை துவைத்தால் உதிர்கிற ஸ்டிக்கரையே வாங்கியிருக்கலாம். காதர் பாய் சுத்தமான வேலைக்காரர். பையன்கள் இப்போதும் பயிற்சிக்கு அந்தப் பனியனைத்தான் போட்டு வருகிறார்கள். துணி வெளுத்துவிட்டது, எழுத்து வெளுக்கவில்லை.