இரண்டு கண்ணுக்கு இரண்டு வெளிச்சம்

என் இளமையில் ஒரு மழைக்காலம் முழுவதையும் நான் ஒற்றைப் புருவத்தோடு கழித்தேன். இன்னொன்றை என் அக்காள் தினமும் காலையில் கண்மையால் எழுதி அனுப்புவாள். சிராங்கூன் ரோட்டு மழையில் மையால் எழுதிய புருவம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும். தேக்கா சந்தையைத் தாண்டுவதற்குள் அது கன்னத்துக்கு வந்துவிடும். புருவம் போன கதை சிறியது. பொடி ஏன் இன்னும் பற்றவில்லை என்று குனிந்து பார்த்தேன். நான் பார்ப்பதற்காகவே காத்திருந்ததுபோல் அது பற்றிக்கொண்டது.

படம் பிடிக்க வெளிச்சம் போடும் ஒரு கைவிளக்கில் இருந்த பொடி அது. உள்ளங்கை அகலத்தில் தகரத் தட்டு, அடியில் மரப்பிடி, பக்கவாட்டில் ஒரு தீக்கல்லும் விசையும். தட்டில் மெக்னீசியப் பொடியைத் தூவி விசையை இழுத்தால் ஒரு பொறி, ஒரு ‘புஸ்’, அறை முழுவதும் பட்டப்பகல். அடுத்த கணம் வெள்ளைப் புகையும் இருமலும். இதில் இரண்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு போட்டோக் கடையையே நடத்திக் காட்டியவர் என் அத்தான், அக்காளின் கணவர்.

அந்தக் காலத்தில் ஊரிலிருந்த பெரிய போட்டோக் கடைகளுக்கெல்லாம் கண்ணாடிக் கூரை உண்டு. வானத்து வெளிச்சம் மேலிருந்து இறங்கி, உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவரை ஜமீன்தாராக்கிவிடும். அத்தானின் கடையோ ஒரு கடைவீட்டின் மாடி. முன்னால் இரண்டு ஜன்னல், பின்னால் எருமைக் கொட்டகைகள். நண்பகலிலும் விளக்கேற்றினால்தான் நாற்காலி தெரியும். “இந்த இருட்டுக் குகையிலயா கடை வைக்கப் போறீங்க?” என்று அக்காள் கேட்டபோது அவர் சிரித்தார். “வானத்தைக் கூரைக்கு மேலயிருந்து எறக்கி நம்ம இஷ்டத்துக்கு வைக்க முடியுமா? இதை வைக்கலாம்” என்று கைவிளக்கைத் தூக்கிக் காட்டினார். சுற்றுலா போகிற வெள்ளைக்காரர்கள் பையில் போட்டுக்கொண்டு போவதற்காகச் செய்த சாமான் அது. அதை வைத்து முகப்படம் எடுக்கலாம் என்று செய்தவனே நினைத்திருக்கமாட்டான்.

முகத்துக்கு நேராகப் பிடித்து வெடித்தால் ஆள் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி விழுவார், பின்னால் ஒரு கரிய நிழல் பேயாக நிற்கும். அத்தான் ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தார். அதற்கும் ஆளுக்கும் நடுவே மூங்கில் சட்டத்தில் தம் மல் வேட்டியை இழுத்துக் கட்டினார். வெளிச்சம் வேட்டியில் வடிந்து பாலாக இறங்கியது. மறுபக்கம் நான் இரண்டாவது விளக்கோடு நிற்பேன். அவர் காமிராவின் மூடியைக் கழற்றித் தம் விளக்கின் கயிற்றை இழுக்கும்போது, அதே நொடியில் நானும் விசையை இழுக்க வேண்டும். இந்தக் கலையைப் பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்றை நான் அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தேன். அத்தான் படிக்கவில்லை. கடையில் நடந்த தவறுகளில் பாதியை நான் முறைப்படி செய்தேன், மீதியை அவர் சுயமாகச் செய்தார்.

மழை விடாமல் கொட்டிய ஒரு வாரத்தில் அந்த டிராம் டிரைவர் படியேறி வந்தார். சீருடை நனைந்து ஒட்டியிருந்தது. நாகப்பட்டினத்தில் அவருக்கு மாமன் மகளைப் பேசி வைத்திருந்தார்கள். இதற்கிடையில் இங்கே டிராமின் மேல்கம்பி அறுந்து ஒருவர் முகத்தில் அடித்துவிட்டது. அடிபட்டவர் இவருடைய நண்பர், இன்னொரு டிரைவர். ஆனால் கப்பலேறி ஊருக்குப் போன யாரோ பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கண் போய்விட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த கப்பலில் அவன் முகம் படமாக வந்து சேராவிட்டால் தை மாதத்தில் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன் என்று மாமன் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கப்பல் அன்று சாயங்காலம் கிளம்புகிறது. கண்ணாடிக் கூரைக் கடைகளிலெல்லாம், வானம் வெளுக்கட்டும், பிறகு வா என்று அனுப்பிவிட்டார்களாம்.

“ரெண்டு கண்ணும் தெரியணும்ணே. வேற ஒண்ணும் வேணாம். மூக்கு இல்லாட்டியும் பரவால்ல” என்றார் அவர்.

“மூக்கையும் சேத்தே தர்றோம், உக்காருங்க” என்றார் அத்தான்.

முதல் படத்தில் இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. இரண்டாவதிலும் அப்படியே. கழுவும் அறையிலிருந்து கண்ணாடித் தகட்டை எடுத்து வந்து காட்டியபோது டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. “இதை அனுப்பினா ரெண்டு கண்ணும் போச்சுன்னுல்ல நெனப்பாங்க!” தலைக்கு மேலே கம்பியில் நீலப்பொறி தெறிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வது அவருக்குத் தொழிலோடு வந்த பழக்கம். நண்பனுக்கு அடிபட்ட நாளிலிருந்து அது இன்னும் முற்றிப்போயிருந்தது. நான் கையேட்டின்படி அவருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தேன். மூன்றாவது படத்தில் அவர் நன்றாக மூச்சு விட்டபடி கண்ணை மூடியிருந்தார்.

புகை கலைவதற்காக ஜன்னலைத் திறந்தோம். கீழே ரோட்டில் டிராம் ஒன்று மணியை விடாமல் அடித்துக்கொண்டு நின்றது. கொட்டகையிலிருந்து வந்த எருமை ஒன்று தண்டவாளத்தின் நடுவே மழையை ரசித்துக்கொண்டிருந்தது. நம் டிரைவர் எட்டிப் பார்த்தார். அவர் வலது கால் தானாகவே தரையை மிதித்தது. மணியைக் காலால் அடித்துப் பழகிய கால். கண் இமைக்கவேயில்லை.

அத்தான் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு என் காதருகே வந்தார். “மாப்ளே, இந்தத் தடவை ஒண்ணு ரெண்டு எண்ணப் போறதில்ல. நான் கத்துறப்ப நீ இழு.”

டிரைவரை உட்காரவைத்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சாயங்காலக் கப்பல், பத்தாயிரம் மைல் வேகத்தில் வரும் கல்யாணம் என்று என்னென்னவோ பேசிக்கொண்டே சத்தமில்லாமல் மூடியைக் கழற்றினார். திடீரென்று தொண்டை கிழியக் கத்தினார்.

“எருமைடா! தண்டவாளத்துல எருமை!”

டிரைவரின் கால் தரையை உதைத்தது. கை இல்லாத பிரேக்கைத் திருகியது. இரண்டு விளக்கும் ஒரே நொடியில் வெடித்தன. தண்டவாளத்தில் எருமை நிற்கும்போது எந்த டிரைவர் கண்ணை மூடுவான்?

ஈரம் காய்ந்தும் காயாமலும் அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் துறைமுகத்துக்கு ஓடினார். அதைப் போல ஒரு படத்தை நாங்கள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை என்று இன்றும் சொல்வேன். கன்னத்தில் வேட்டி வெளிச்சம் பூப்போல் விழுந்திருந்தது. கண்கள் இரண்டும் முழுவட்டமாகத் திறந்திருந்தன. என் கைவிளக்கின் வெளிச்சம் மூக்கைத் தாண்டிப் போகாமல் இடது கண்ணில் மட்டும் வைரம் போல ஒரு பொட்டு மின்னியது. அந்த மின்னலைப் பற்றி நான் நண்பர்களிடம் பேசாத நாள் கிடையாது. தை மாதம் டிரைவர் ஊருக்குப் போய்த் தாலி கட்டி, மனைவியோடு திரும்பி வந்தார். ஒரு கல்யாணத்தையே கைப்பிடி அளவு விளக்கால் காப்பாற்றியவர்கள் என்று அத்தானும் நானும் மார்தட்டிக்கொண்டோம். அத்தான் காலமாகும்வரை அந்தப் பெருமை குறையவில்லை.

சென்ற மாதம் அந்தத் தம்பதியின் மகளுக்குக் கல்யாணம். படக்காரர் புதுமாதிரி விளக்கு வைத்திருந்தார். கண்ணாடிக் குமிழுக்குள்ளேயே வெளிச்சம் வெடித்து அடங்குகிறது. புகையில்லை, இருமலில்லை. அதை மணமக்களின் மூக்குக்கு நேராகப் பிடித்து, இருவரையும் சுண்ணாம்புச் சுவராக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பழைய படத்துக்கு எதிரே அவரை நிறுத்தி, இடது கண்ணைத் தொட்டுக் காட்டி, வெளிச்சத்தை எங்கே வைப்பது என்று விளக்கினேன். இந்தப் படம் போய்ச் சேர்ந்திராவிட்டால் இன்று இந்த வீட்டில் மேளச் சத்தமே இல்லை என்று முடித்தேன்.

சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்த டிரைவரின் மனைவி நின்று கேட்டார்.

“அந்தக் கண்ணுதாண்ணே! அதைப் பாத்துட்டுத்தான் எங்கப்பா சொன்னாங்க, ‘ஒண்ணு நெசக்கண்ணு, பளபளங்கிறது கண்ணாடிக் கண்ணு. மறைக்காம படம் புடிச்சு அனுப்பியிருக்கானே, யோக்கியமான பய’ன்னு. மாப்ளைக்கு ஒத்தக் கண்ணுதான்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டுத்தான் சரின்னேன். மணவறையில ஒக்காந்து ஓரமா பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, ரெண்டுமே நெசம்னு.”