நெமிலிச்சேரியில் ஒரு நாள் நின்ற வீடு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். பத்தாவது வரைதான் படித்தேன். நினைப்பதெல்லாம் எழுத வராது, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது சென்னீர்குப்பத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, பாடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் பழகினார். எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயத்த வீடு செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். சுவர், கூரை, கதவு, சன்னல் எல்லாம் அங்கே தனித்தனியாகத் தயாராகும். அணை கட்டும் இடம், ரோடு போடும் இடம் என்று வேண்டிய இடத்துக்கு லாரியில் ஏற்றிப்போய் போல்ட் போட்டு முடுக்கினால் வீடு. என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

ஒரு தடவை அவசரம் என்று, சுவர்களைச் சேர்த்துப் பூட்டிப் பார்க்காமலே ஒரு வீட்டை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கதவுச் சுவர் பொருந்தவில்லை. வேறு சுவர் போய்ச் சேரும்வரை கூலியாட்கள் பனியில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்தார்களாம். தவறு அண்ணனுடையது இல்லை. ஆனாலும் பல நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதன்பிறகு எந்த வீட்டையும் கம்பெனி முற்றத்தில் முழுதாக நிறுத்திப் பார்க்காமல் அவர் அனுப்ப விட்டதில்லை. ஒவ்வொரு சுவரின் உள்பக்கமும் கீழ்மூலையில் சிவப்புப் பெயின்டால் தன் கையாலேயே எண் எழுதுவார். பிறகு கழற்றி ஏற்றுவார். லாரியைக் காக்க வைத்தால் மட்டும் கத்துவார். வீட்டில் அவர் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

நெமிலிச்சேரியில் அரை கிரவுண்டு மனை வாங்கியிருந்தார். அம்மாவின் வைத்தியம், என் திருமணம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்ததில் வீடு கட்ட முடியவில்லை. கடைசிவரை பாடியில் வாடகை வீடுதான். அண்ணி கேலி செய்வார்.

"ஊருக்கெல்லாம் ஊடு அனுப்புறே. எனக்கு ஒண்ணு அனுப்பேன்யா."

"லாரி வாடகை நீ குடுக்குறியா?"

"நெமிலிச்சேரிக்கு இன்னாய்யா லாரி? தலையில வச்சிகினு வந்துடுறேன்."

இருவரும் சிரிப்பார்கள்.

நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவருக்கு ஒரே கவலைதான். வாடகை வீட்டில் தன்னைக் கிடத்த விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"நெமிலிச்சேரிக்கே தூக்கிகினு போயிடு" என்றார் அண்ணியிடம்.

"அங்க இன்னாய்யா கீது? முள்ளுதான் கீது."

"நம்ம எடம் கீதுல்ல."

அவர் காலமான அன்று நல்ல மழை. பாடி வீட்டுக்காரர், மகள் கல்யாணம் நெருங்குகிறது, வேண்டாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் வெறும் மனையில், கொட்டுகிற மழையில் அண்ணனை எப்படிக் கிடத்துவது? ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றும் தோன்றாமல் நின்றோம். அண்ணனோடு வேலை பார்த்த ஆவடி தாஸ் அவர்கள் அண்ணியிடம் வந்தார்.

"அண்ணி, அண்ணன சாயந்திரமா இட்டாந்துடுங்க. நாங்க முன்னாடி போறோம்."

சொல்லிவிட்டு ஆட்களோடு கிளம்பினார்.

சாயங்காலம் நாங்கள் போனபோது மனையில் ஒரு வீடு நின்றது. மறுநாள் வெளியூர் போகவேண்டிய லோடு அது. அண்ணன் படுக்கையில் விழுமுன் கடைசியாக நிறுத்திப் பார்த்த வீடு. மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு லாரியை நேராக அங்கே கொண்டுவந்து, நனைந்துகொண்டே பூட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. தலைமாட்டில் விளக்கு வைத்தபோது, பக்கத்துச் சுவரின் கீழ்மூலையில் அண்ணன் எழுதிய சிவப்பு எண் தெரிந்தது. அண்ணி அதன்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பினார்கள். தாஸ் அவர்களும் ஆட்களும் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்கள். வீட்டைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"இருக்கட்டும் அண்ணி. நாளைக்குக் கழட்டிக்கிறோம். மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அதற்குள் அண்ணி தரையைக் கழுவித் துடைத்து முடித்திருந்தார். வாசலுக்கு வந்து சொன்னார்:

"கழட்டுங்கப்பா. லாரி நின்னுகினு கீது. அவரு இருந்தா இந்நேரம் கத்தியிருப்பாரு."

தாஸ் அவர்களுக்கும், அன்று மழையில் நனைந்த தொழிலாளத் தோழர்களுக்கும், மறுக்காமல் அனுமதி தந்த மேனேஜருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்த நெமிலிச்சேரி அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்த வீடு இப்போது எங்கே நிற்கிறது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அதில் இருப்பவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மனை காலியாகத்தான் இருக்கிறது. அண்ணி அங்கே முள் வளர விடுவதில்லை.