தூளியில் கிடந்த ரெக்கார்டு பிளேயர்

பக்கத்து ஃபிளாட் தம்பி இன்று டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டு பிளேயர், வாங்கி வந்தார். ஒரகடத்தில் சூப்பர்வைசர். "கொஞ்சம் அதிர்ந்தாலும் ஊசி குதிச்சிடும் சார்" என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

தெரியும் என்றேன்.

எழுபதுகளில், மணிமங்கலத்தில், அக்காவைப் பெண் பார்க்க வரும் அன்று பாட்டுப் போடுவதற்காகவே அப்பா ரெக்கார்டு பிளேயர் வாங்கினார். வீட்டில் கரண்ட் இல்லை. கொல்லைப்புற மோட்டார் கொட்டகையில் மட்டும் இருந்தது.

மோட்டார் ஓடினால் கொட்டகையே அதிரும். நிறுத்தச் சொன்னார் அப்பா.

"பயிரு காஞ்சிகினு கீது, பாட்டு இன்னாத்துக்கு?" என்றாள் அம்மா.

சித்தப்பா வெளியே வேப்பமரக் கிளையில் பழைய புடவையால் தூளி கட்டினார். உள்ளே பலகை, அதன்மேல் பிளேயர். சொம்புத் தண்ணீரை வைத்து மட்டம் பார்த்தார். ஸ்பீக்கர் மட்டும் மரத்தடியில். மோட்டாரும் ஓடியது, பாட்டும் ஓடியது.

மாப்பிள்ளையின் அம்மா கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்தார். தூளியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"பொண்ணு வூட்ல கொழந்த யாருது?"

அப்பா வாய் திறப்பதற்குள் அந்த அம்மாவின் கை பழக்கதோஷத்தில் தூளியை ஆட்டிவிட்டது. ஊசி குதித்து, ஸ்பீக்கர் வீறிட்டது. குழந்தைதான் அழுகிறது என்று அவர் இன்னும் வேகமாக ஆட்டினார்.

அக்காவின் மூன்று பிள்ளைகளையும் பிறகு அதே வேகத்தில்தான் ஆட்டினார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி, அந்தத் தூளி ஸ்டாண்ட் ஆன்லைனில் கிடைக்குமா என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.